ஊராட்சிக்குத் திட்டம் போடும் திறன் எங்கிருந்து வரும்?

மதுரை மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பில் பொறுப்பில் இருக்கும் ஒருவர் கேட்டது: "வருடா வருடம் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்று ஒன்றைக் கிராம சபையில் வாசிக்கிறார்கள். நீடித்த வளர்ச்சி, ஒருங்கிணைந்த திட்டம் என்று பயிற்சியிலும் சொல்கிறார்கள். கடைசியில் வருவது சாலை, சாக்கடை, தெருவிளக்குப் பட்டியல்தான். ஒரு ஊராட்சி உண்மையிலேயே திட்டம் போடக் கற்றுக்கொள்ள முடியுமா? எங்கே தொடங்குவது?"

முடியும்மா. இருபது வருடத்துக்கு மேலாக இந்த மாவட்டத்து ஊராட்சிகளோடு பயிற்சி வேலையில் இருந்திருக்கிறேன். முடிந்த ஊர்களையும் பார்த்திருக்கிறேன், முடியாமல் போன ஊர்களையும் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பட்டியல்தான் வருகிறது என்கிறீர்கள். அதற்குத் தலைவரையோ செயலரையோ மட்டும் குறை சொல்ல முடியாது. பணமே கூறு போட்டுத்தான் வருகிறது. 15-வது நிதி ஆணையம் கிராம ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 100 ரூபாய்க்கு 30 ரூபாய் குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும், இன்னொரு 30 ரூபாய் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்துவிட்டது. ஊர் தன் விருப்பப்படி செலவழிக்க மிஞ்சியது 40. இது போக வரும் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மதிப்பீடு, தனிப் படிவம், தனி இணையதளம். இத்தனையையும் பார்க்கும் ஊராட்சி செயலர் ஒரே ஒருவர். காலையில் மோட்டார் ரிப்பேர், மதியம் ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம், இரவில் பதிவேற்றம். திட்டத்தைப் பதிவேற்றக் கடைசி நாள் நெருங்கும்போது அவர் போன வருடப் பட்டியலை எடுத்துத் திருத்தாமல் வேறு என்ன செய்வார்?

சட்டம் இதைவிடப் பெரிய வேலையை ஊராட்சிக்குக் கொடுத்திருக்கிறது. 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியலமைப்புத் திருத்தம், பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் ஊராட்சிகள் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. வேளாண்மை, சிறுபாசனம், மீன்வளம், சமூகக் காடுகள், குடிநீர், கல்வி என 29 துறைகளை அட்டவணை போட்டும் காட்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1994-லேயே ஊராட்சிகள் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் அந்த 29 துறைகளின் அலுவலர்களும் பணமும் பெரும்பாலும் அந்தந்தத் துறையிலேயே இருக்கிறார்கள். பெயரளவில் ஊராட்சியிடம் வந்த வேலை, ஆளளவில் வரவில்லை.

ஒருங்கிணைந்த திட்டம் என்ற சொல்லைப் பயிற்சியில் பத்து ஸ்லைடு போட்டு விளக்குவார்கள். நம் ஊரில் அதற்கு ஒரு கண்மாயைக் காட்டினால் போதும்.

கண்மாய்க் கரையில் நின்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல், 100 ஏக்கருக்கு மேல் என்றால் கரையும், தண்ணீர் திறக்கும் மடையும், நிறைந்த தண்ணீர் வழியும் கலுங்கும் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். கண்மாய் உள்வாயில் நிற்கும் கருவேல மரங்கள் சமூகக் காடுகள் கோட்டம் நட்டவையாக இருக்கலாம். நிலத்தின் கணக்கு வருவாய்த் துறையிடம், அதாவது உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) கையில். வண்டல் அள்ள வேண்டும் என்றால் தாசில்தார் அலுவலக அனுமதி. மீன் பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம், தனிக் கணக்கு. ஆயக்கட்டில் என்ன பயிர் என்று பார்ப்பவர் வேளாண்மைத் துறைக்காரர். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய்க்கு மேலே பிளாட் போட்டால் அதற்கு ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்புத் துறை. ஊர் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருக்குமா இருக்காதா என்பதும் இதே கண்மாய் நிறைவதைப் பொறுத்தது, ஆனால் அது குடிநீர்க் கணக்கில் போய்விடும்.

தண்ணீருக்கு இந்த அலுவலகங்கள் எதுவும் தெரியாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும், அவ்வளவுதான். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் கீழ் கண்மாய்க்கு, அது நிறைந்தால் அடுத்ததற்கு என்று வைகைப் பாசனப் பகுதி முழுக்கச் சங்கிலியாகக் கோத்துவைத்துப் போயிருக்கிறார்கள் நம் முன்னோர். சங்கிலியில் ஒரு கண்ணி ஒரு ஊராட்சியில், அடுத்த கண்ணி அடுத்த ஊராட்சியில் இருக்கும். நாமோ ஊராட்சி எல்லையோடு திட்டத்தை நிறுத்திவிடுகிறோம். அடிப்படைத் தவறு அங்கேதான் இருக்கிறது.

மேலூர்ப் பக்கம் ஒரு ஊரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அந்த ஊர்க் கண்மாயை நூறு நாள் வேலையில் நன்றாகவே ஆழப்படுத்தியிருந்தார்கள். கரையில் பனை விதையும் போட்டிருந்தார்கள். ஆனாலும் இரண்டு மழைக்காலம் போயும் கண்மாய் பாதிகூட நிறையவில்லை. மழை குறைவு என்று எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து ஊர்க் கண்மாய் மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது.

கிராம சபை முடிந்து நாங்கள் கிளம்பும்போது, கூட்டம் நடந்த இடத்துக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றிருந்த ஒரு பெரியவர் மெதுவாகக் கிட்டே வந்தார். அந்தக் கண்மாயின் நீர்க்கட்டி. மடை திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் பங்கிடும் வேலை அவர் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக. "ஐயா, ஒரு நடை என் கூட வாங்க"ன்னார். வரத்துக்கால் ஓரமாகவே அரை மணி நேரம் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். ஓர் இடத்தில் புதுத் தார்ச்சாலை கால்வாயைக் கடந்தது. பழைய கல்பாலத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒற்றைக் குழாயைப் பதித்து, மேலே சாலையை உயர்த்தியிருந்தார்கள். குழாயின் அடிமட்டம் கால்வாய்ப் படுகையைவிட ஒரு சாண் மேலே. "தண்ணி வேகமா வர்றப்ப பாதிதான் இதுல நுழையும். மிச்சம் அந்தா அந்த ஓடைக்குத் திரும்பிரும்" என்று கையை நீட்டிக் காட்டினார். ஓடைப் பக்கம் மண் அரித்த தடம் அப்படியே இருந்தது.

சாலை போட்டவர்கள் சாலையைச் சரியாகத்தான் போட்டார்கள். கண்மாயை ஆழப்படுத்தியவர்களும் சரியாகத்தான் செய்தார்கள். இரண்டுக்கும் பணம் செலவானது, இரண்டும் முடிந்த வேலையாகப் பதிவானது. இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்த ஆள் யாரும் இல்லை. பார்த்த ஒரே மனிதர் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். ஏன் உள்ளே வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். "உள்ள நான் பேசினா யாருங்கய்யா கேப்பா?" என்றார்.

அந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டுத் திறன் வளர்ப்பு என்று பேசுவதில் அர்த்தம் இல்லை. நம் மாவட்டத்துக்கு அது நன்றாகவே தெரியும். 1997 ஜூன் 30-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியில் அவர் உட்கார்ந்ததுதான் குற்றம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் அதே ஒதுக்கீட்டை ஏற்காததால் பத்து வருடம் முறையான தேர்தலே நடக்கவில்லை. 2006-இல்தான் அங்கே தலைவர்கள் பொறுப்பேற்க முடிந்தது. தண்ணீரின் போக்கு தெரிந்தவர் கூட்டத்துக்கு வெளியே நிற்கும் வரை அந்த ஊராட்சியின் திட்டத்தில் ஓட்டை இருக்கும், எத்தனை பயிற்சி கொடுத்தாலும்.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. சுய உதவிக் குழுக்கள் சேர்ந்து தயாரிக்கும் வறுமை ஒழிப்புத் திட்டத்தை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தோடு இணைக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலான ஊர்களில் அதைப் படிவமாக நிரப்பிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதை உண்மையான கணக்காக மாற்றுங்கள். மொத்த ஊரையும் ஒரேயடியாகக் கணக்கெடுக்க வேண்டாம். ஒரு கேள்வியை எடுங்கள்.

ஒரு ஊரில் கூட்டமைப்பில் இருந்த பெண் ஒருவர் எடுத்த கேள்வி: எந்தத் தெருவுக்குத் தண்ணீர் எவ்வளவு நேரம் வருகிறது? நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தெருவுக்கு ஒரு பக்கம். அந்தந்தத் தெருவில் ஒரு பெண் தண்ணீர் வந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் எழுதினார், ஒரு மாதம். டேங்க் ஆபரேட்டர் முதலில் முறைத்தார். பிறகு அவரே வால்வு திறந்த நேரத்தைச் சொல்ல ஆரம்பித்தார், ஏனென்றால் கடைக்கோடித் தெருவில் தினமும் திட்டு வாங்குவது அவர்தான். மாதக் கடைசியில் பார்த்தால் மேட்டுத் தெருவுக்கு முக்கால் மணி நேரம் வந்த தண்ணீர் காலனிக்குக் கால் மணி நேரம்கூட வரவில்லை. புதுத் தொட்டி கட்ட வேண்டும் என்று அதுவரை ஐந்து கிராம சபையில் தீர்மானம் போட்டிருந்தார்கள். தேவைப்பட்டது இரண்டு வால்வும் கொஞ்சம் குழாயும்தான். குழாய் இணைப்பு எல்லா வீட்டுக்கும் கொடுத்தாயிற்று, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்கில் எழுதியாயிற்று. அந்த 55 லிட்டர் வருகிறதா என்பதை அந்த நோட்டுதான் சொன்னது.

திட்டமிடும் திறன் என்று நான் சொல்வது இந்த நோட்டைத்தான். ஊர் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் பழக்கம்.

இது புதிய யோசனையும் இல்லை. கிராமப் பொருளாதாரத்தை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஜே.சி.குமரப்பா கடைசிக் காலத்தில் இருந்தது நம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான். 1960 ஜனவரி 30-இல் மதுரையில் காலமானார். அவர் முதலில் செய்த பெரிய வேலை என்ன தெரியுமா? குஜராத்தின் மாதர் தாலுகாவில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு குடும்பமும் எதில் வாழ்கிறது, எதில் கடன்படுகிறது என்று கணக்கெடுத்தது. அதற்குப் பிறகுதான் என்ன செய்யலாம் என்று பேசினார். அந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம். முதலில் வேலையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு ஏற்ற தேவையைப் பிறகு எழுதுகிறோம்.

பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு நம் பக்கத்தில் குறையே இல்லை. மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, திண்டுக்கல் பக்கம் காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தலைவர்களுக்கு ஒரு நாள், செயலர்களுக்கு ஒரு நாள், வார்டு உறுப்பினர்களுக்கு ஒரு நாள் என்று தனித்தனியாக நடக்கிறது. கற்றுக்கொண்டு திரும்பியவர் ஊரில் தனி ஆளாக நிற்கிறார். ஒரு ஊராட்சியின் தலைவர், செயலர், வி.ஏ.ஓ., ஒன்றிய ஓவர்சியர், கூட்டமைப்புப் பெண்கள், நீர்க்கட்டி ஆகியோரை ஒரே குழுவாக ஒரு வாரம் அவர்கள் ஊர் வரத்துக்காலிலேயே நடக்கவைக்கும் பயிற்சிதான் வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நடந்த இரண்டு மூன்று இடங்களில் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. வி.ஏ.ஓ. புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு "இங்கே வாய்க்கால் இருக்கிறது" என்பார். "அந்த இடத்துல இப்ப மாட்டுக் கொட்டகைல்ல இருக்கு" என்பார் ஒரு அம்மா. அந்த ஒரு நிமிடத்தில் எல்லோரும் கற்றுக்கொள்வதை எந்த வகுப்பும் தராது.

இன்னொன்று, ஊரின் நினைவு. 2016 அக்டோபரிலிருந்து 2019 கடைசி வரை ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்கள் கிடையாது. 2019 டிசம்பர் தேர்தலில் வந்தவர்கள் கொரோனாவுக்கு நடுவில் வேலை பழகி, ஓரளவு கைவந்த சமயத்தில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தனி அலுவலர் நிர்வாகம். கற்றுக்கொண்டவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பழைய தலைவர் வீட்டுப் பரணில் கிடக்கும் வரைபடத்தைப் புதிதாக வருபவர் கேட்கப் போவதில்லை, அவர் கொடுக்கப் போவதும் இல்லை. இந்த இடைவெளியைத் தாண்டி ஊரில் நிற்கும் அமைப்பு உங்கள் கூட்டமைப்பு ஒன்றுதான். அதனால் வரைபடம், நோட்டு, தீர்மான நகல் எல்லாம் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகவே சொல்கிறேன்.

எழுதிவைத்ததற்கு என்ன பலம் உண்டு என்பதற்கு நம் மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. 193 ஹெக்டேர். மலைக்குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், ராஜாளி வகைப் பறவைகள், குடைவரைக் கோயில், சமணர் படுகை, தமிழி என்ற பழைய எழுத்து எல்லாம் ஆவணத்தில் ஏறின. அடுத்த இரண்டு வருடத்தில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று செய்தி வந்தது. சுற்றுவட்டாரக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன, 2024 டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரை நகரத்துத் தல்லாகுளம் வரை ஜனங்கள் திரண்டு வந்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஜனங்கள் திரண்டதுதான் முதல் காரணம், சந்தேகமே இல்லை. ஆனால் எதைக் காக்கிறோம் என்று பெயர் பெயராகச் சொல்ல அவர்கள் கையில் ஆவணம் இருந்தது. 2002-ஆம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று செயலரிடம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஊர் மதுரை நகரத்தின் விளிம்பில் இருந்தால் இன்னொரு கஷ்டமும் உண்டு. 2011-இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது சுற்றியிருந்த ஊராட்சிகள் சில அதற்குள் போயின. ஊர் நகரத்துக்குள் போனதும் கண்மாய்க்கு ஆயக்கட்டு போய்விடும். ஆயக்கட்டு இல்லாத கண்மாயை வெறும் காலியிடமாகப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். 2024 அக்டோபர் 25-ஆம் தேதி மழையில் செல்லூர், நரிமேடு, பீ.பீ.குளம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செல்லூர் கண்மாய் நிறைந்து பந்தல்குடி வாய்க்காலில் வழிந்த தண்ணீர் அது. அந்தக் கண்மாய்க்கு மேலே இருக்கும் கண்மாய்களில் சில நகர எல்லைக்கு வெளியே, வாய்க்காலும் அது சேரும் வைகையும் நகரத்துக்கு உள்ளே. நகரமும் ஊராட்சிகளும் ஒரு மேசையில் உட்காராமல் இதற்குத் தீர்வு கிடையாது.

அந்த மேசையும் சட்டத்தில் இருக்கிறது. மாவட்டத் திட்டக் குழு என்று பெயர். 74-வது திருத்தம் கொண்டுவந்த ஏற்பாடு. ஊராட்சிகளின் திட்டங்களையும் நகராட்சி, மாநகராட்சித் திட்டங்களையும் சேர்த்து, தண்ணீரையும் மற்ற இயற்கை வளங்களையும் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று பார்த்து, மாவட்டத்துக்கு ஒரே திட்ட வரைவு தயாரிப்பது அதன் வேலை. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள், அந்தக் குழுக்களுக்கும் உண்மையான வேலை இருந்தது. இங்கே பணமும் வரவில்லை, குழுவுக்கு வலுவும் வரவில்லை. மாவட்டத்தில் இருக்கும் 13 ஒன்றியங்களும் ஒரே மாதிரியும் இல்லை. மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் பார்த்த பூமி. சேடபட்டி, உசிலம்பட்டி மானாவாரி, 58 கிராமக் கால்வாய்க்குத் தண்ணீர் திறப்பார்களா என்று வைகை அணை மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஊர்கள். இரண்டுக்கும் ஒரே படிவத்தைக் கொடுத்தால் இரண்டுமே பொய்யாகத்தான் நிரம்பும்.

மேல்மட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கண்மாய்க்கு மேல் கண்மாய் எந்த ஊராட்சி, கீழ் கண்மாய் எந்த ஊராட்சி என்று பாருங்கள். அந்த இரண்டு ஊர்க் கூட்டமைப்புப் பெண்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கலுங்குக்குக் கூப்பிடுங்கள். மூன்று ஊர் நீர்க்கட்டிகளும் வரட்டும். மேல் கலுங்கிலிருந்து கீழ் மடை வரை நடந்துவிட்டு, கரையில் கோலமாவிலேயே வரைபடம் போடுங்கள். அடைப்பு, ஆக்கிரமிப்பு, குழாய்ப் பாலம், சாக்கடை வந்து சேரும் இடம் எல்லாம் குறித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மூன்று கிராம சபையிலும் ஒரே தீர்மானம்.

கிராம சபை நாட்கள் உங்களுக்கே தெரியும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் இதற்குப் பொருத்தம், மழைக்கு முன்னால் வேலை செய்ய நேரமும் இருக்கும். ஜனத்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். குழுப் பெண்கள் வந்தாலே அந்த எண்ணிக்கை நிறைந்துவிடும்.

தீர்மானத்தை நீளமாக எழுத வேண்டாம். "வரத்துக்கால்வாயைக் கடக்கும் எந்தச் சாலைக்கும், பாலத்துக்கும் மதிப்பீடு போடும் முன், நீர்க்கட்டியும் மகளிர் கூட்டமைப்பும் இடத்தைப் பார்த்துக் கையெழுத்திட்ட வரைபடம் அதோடு சேர்க்கப்பட வேண்டும்" என்று ஒரே வரி போதும். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியபின் எல்லோரும் கையெழுத்துப் போடும் வரை இருந்து பாருங்கள். அந்த நீர்க்கட்டிப் பெரியவரை வெளியே நிற்கவிடாமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, முன் வரிசையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கலுங்கு வரைபடத்தை அவர் வாயாலேயே சொல்லவிடுங்கள்.